பாதி அக்டோபர், பாதி நவம்பர்: ஓப்பன்எஸ்எஸ்எல் 3 வந்தபோது நின்றுபோன ஒரு பேக்மேன்

2022 நவம்பர். என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவரின் லேப்டாப்பில் ஆர்ச் லினக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. அதில் நிரல்களை நிறுவவும் புதுப்பிக்கவும் பயன்படும் பேக்மேனிடம் எதைக் கேட்டாலும் ஒரே ஒரு வரிதான் பதிலாக வந்தது. பகிர்வு லைப்ரரியை (பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் கோப்பை) ஏற்ற முடியவில்லை, லிப்கிரிப்டோ.எஸ்ஓ.1.1 என்று ஒரு கோப்பே இல்லை என்றது அது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியின் ஒரு பகுதி அந்தக் கோப்பு. பேக்கேஜ் தேடினாலும் இதே வரி, நிறுவச் சொன்னாலும் இதே வரி. சும்மா பதிப்பு எண்ணைக் காட்டு என்றால்கூட இதே வரி.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியமான தடயம். பதிப்பு எண்ணைக் காட்ட இணையம் வேண்டாம், தரவுத்தளம் வேண்டாம், ரூட் உரிமையும் (நிர்வாகியின் முழு உரிமை) வேண்டாம். அதுவே முடியவில்லை என்றால், பேக்மேனின் சொந்த நிரல் வரிகளில் ஒன்றுகூட ஓடத் தொடங்கவில்லை என்று பொருள். எனவே மிரர் பட்டியல், சாவி வளையம், பூட்டுக் கோப்பு என்று பேக்மேன் கோளாறுகளுக்கு வழக்கமாகப் பார்க்கிற இடங்கள் எதையும் பார்க்கத் தேவையில்லை. சிக்கல் அதற்கு ஒரு படி முன்னாலேயே இருக்கிறது.

முதலில் தம்பியிடம் சொன்னது, "கணினியை மறுபடி தொடங்காதே" என்பதுதான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் பழைய லைப்ரரியை நினைவகத்தில் வைத்திருக்கின்றன. வட்டில் அந்தக் கோப்பை நீக்கினாலும், அதைத் திறந்து வைத்திருக்கும் நிரல் முடியும்வரை கர்னல் அதன் உள்ளடக்கத்தை விட்டுவிடாது. அதனால்தான் அவருடைய திரை, வைஃபை எல்லாம் இயல்பாகவே இருந்தன. மறுபடி தொடங்கினால் எல்லா நிரலும் வட்டிலிருந்து புதிதாக ஏற வேண்டும். முதலில் ஏறி மற்றவற்றைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியே லிப்கிரிப்டோவைத் தேடும் வகையில் கட்டப்பட்டிருந்தால், கணினி எழவே முடியாமல் கர்னல் பேனிக்கில்தான் போய் நிற்கும். அந்தச் சோதனையைச் செய்து பார்க்க எனக்கு ஆசை இல்லை.

அடுத்து, எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று பார்த்தோம். பதிவிறக்கும் கர்ல் ஓடவில்லை. தொலைவிலிருக்கும் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் ஓடவில்லை. கிட் உள்ளூர் வேலைகளைச் செய்தது, ஹெச்டிடிபிஎஸ் முகவரி கொடுத்தால் விழுந்தது. ரூட் உரிமையோடு கமாண்டை ஓட்ட உதவும் சூடோவும் போய்விட்டது. கடவுச்சொல் கேட்பதற்கு முன்பே, தன் சொருகு லைப்ரரியை ஏற்ற முடியவில்லை என்று நின்றது. ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் எதுவுமே நடக்காதது போல ஓடியது. புதிதாகத் திறந்தாலும் திறந்தது. காரணம் எளிது. ஃபயர்ஃபாக்ஸ் குறியாக்கத்துக்கு மொசில்லாவின் என்எஸ்எஸ்ஸைப் பயன்படுத்துகிறது, ஓப்பன்எஸ்எஸ்எல்லை அல்ல. விழுந்தவை எல்லாம் ஒரே குடும்பம்.

ஒரு நிரல் எந்தெந்த லைப்ரரிகளை நம்புகிறது என்று காட்டும் எல்டிடி கமாண்டைப் பேக்மேன் மீது ஓட்டினால் சங்கிலி தெரியும். எல்டிடி ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதனால் அது பிழைத்திருந்தது. பேக்மேன் என்ற நிரல் சின்னது, வேலையெல்லாம் லிப்ஏஎல்பிஎம் என்ற லைப்ரரியில் நடக்கிறது. அது கோப்புகளின் ஹாஷ் கணக்கிட லிப்கிரிப்டோவை நேரடியாக நாடுகிறது. பதிவிறக்க லிப்கர்ல், பொதிந்த கோப்புகளைத் திறக்க லிப்ஆர்க்கைவ். இந்த இரண்டும் மறுபடி ஓப்பன்எஸ்எஸ்எல்லிடமே போகின்றன. இத்தனை வழிகளில் எது ஒன்று அறுந்தாலும் போதும். நிரலோடு லைப்ரரிகளைச் சேர்த்து ஏற்றும் இணைப்பி, எல்லா லைப்ரரிகளையும் கண்டுபிடித்த பிறகுதான் நிரலிடம் கட்டுப்பாட்டைக் கொடுக்கும். ஒன்று குறைந்தாலும் மொத்தமும் நிற்கும்.

சரி, கோப்பு எங்கே போனது? இதற்கு ஊகம் தேவையில்லை. பேக்மேன் தான் செய்த ஒவ்வொன்றையும் வார் அடைவுக்குள் இருக்கும் தன் பதிவுக் கோப்பில் எழுதி வைக்கிறது. அதைப் படிக்கச் சாதாரணப் பயனர் உரிமையே போதும். பேக்மேன் செத்துக் கிடந்தாலும் அந்தக் கோப்பு பேசும்.

அதில் கடைசி முழு அப்டேட் அக்டோபரில் நடந்திருந்தது. அதன் பிறகு நவம்பரில், பேக்கேஜ் பட்டியல்களைப் புதுப்பித்ததாக ஒரு வரி. அப்டேட் முழுதாக நடந்தால் அதை அடுத்து 'முழுக் கணினி மேம்பாடு தொடங்குகிறது' என்ற பொருளில் இன்னொரு வரி வர வேண்டும். அது இல்லை. கொஞ்சம் கீழே, ஓப்பன்எஸ்எஸ்எல் மட்டும் 1.1.1 வரிசையிலிருந்து 3.0.7-க்குப் போனதாக ஒரு வரி. அதற்கு மேலே ஓட்டப்பட்ட கமாண்ட் அப்படியே இருந்தது: பட்டியலைப் புதுப்பித்துக் கேட்ட பேக்கேஜை மட்டும் நிறுவும் 'எஸ்ஒய்', பக்கத்திலேயே இரண்டு 'டி'. ஒற்றை 'டி' சார்புகளின் (ஒரு பேக்கேஜ் ஓடத் தேவையான மற்ற பேக்கேஜ்களின்) பதிப்பை மட்டும் பார்க்காமல் விடும். இரட்டை 'டி' சார்புகளையே பார்க்காது.

தம்பி மறைக்கவில்லை. "அண்ணா, முதல்ல சாதாரணமாத்தான் போட்டேன். சார்பு முறியும்னு மறுத்துடுச்சு. ரொம்ப ஆபத்தான ஓட்டைன்னு செய்தி பார்த்ததால, பரவாயில்லைன்னு தாண்டிட்டேன்" என்றார்.

செய்தி உண்மைதான். ஓப்பன்எஸ்எஸ்எல் குழு 2022 அக்டோபர் 25 அன்று, நவம்பர் 1-ல் ஒரு முக்கியமான திருத்தம் வருகிறது, அதன் தீவிரம் உச்ச நிலை என்று முன்கூட்டியே அறிவித்தது. அந்த ஒரு வாரம் கணினிப் பாதுகாப்பு உலகமே பதறியது. நவம்பர் 1-ல் 3.0.7 வந்தபோது தீவிரத்தை ஒரு படி குறைத்துவிட்டார்கள். சிவிஇ-2022-3602 என்ற அந்த ஓட்டை, எக்ஸ்.509 சான்றிதழில் உள்ள மின்னஞ்சல் முகவரியின் ப்யூனிகோட் எழுத்துகளைப் பிரிக்கும்போது நான்கு பைட் அளவுக்கு இடம் வழிவது. அது 3.0.0 முதல் 3.0.6 வரை உள்ள பதிப்புகளில் மட்டுமே இருந்தது. தம்பியின் கணினியில் இருந்ததோ 1.1.1. அதில் அந்த ஓட்டை கிடையவே கிடையாது! திருத்த வேண்டியதே இல்லாத ஒன்றைத் திருத்தப் போய் இத்தனையும்.

அதே நாட்களில்தான் ஆர்ச் தன் களஞ்சியத்தை 1.1.1-இலிருந்து 3-க்கு மாற்றியது. இது சாதாரணப் பதிப்பு உயர்வு அல்ல. லைப்ரரிக் கோப்பின் பெயரிலேயே இருக்கும் எண் மாறுகிறது, லிப்கிரிப்டோ.எஸ்ஓ.1.1 போய் லிப்கிரிப்டோ.எஸ்ஓ.3 வருகிறது. அந்த எண் ஓர் ஒப்பந்தம். அது மாறினால், பழைய எண்ணை நம்பிக் கட்டப்பட்ட ஒவ்வொரு நிரலையும் மறுபடி கட்ட வேண்டும். ஆர்ச் அதைச் செய்தது. ஓப்பன்எஸ்எஸ்எல்லை நம்பும் பேக்கேஜ்களை எல்லாம் மறுபடி கட்டி, ஒரு கட்டாக வெளியிட்டது. முழு அப்டேட் போட்டவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் பெற்றார்கள். தம்பியின் கணினிக்கு அந்தக் கட்டிலிருந்து ஒரே ஒரு பேக்கேஜ் மட்டும் வந்தது. அவருடைய பேக்மேனும் கர்லும் சூடோவும் அக்டோபரில் இருந்தன, ஓப்பன்எஸ்எஸ்எல் நவம்பரில் இருந்தது.

இதைப் 'பேக்மேன் கெட்டுவிட்டது' என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கெட்டது என்று எந்தக் கோப்பும் இல்லை. ஒவ்வொரு கோப்பும் தன்னளவில் சரியானது, சரியான கையொப்பத்தோடு வந்தது. இரண்டு தேதிகள் ஒரே வட்டில் கலந்திருந்தன, அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால் தீர்வும் தெளிவாகிறது. மொத்தக் கணினியையும் ஒரே தேதிக்குக் கொண்டுவர வேண்டும். எல்லாம் அக்டோபருக்குத் திரும்பலாம், அல்லது எல்லாம் நவம்பருக்குப் போகலாம். காணாமல் போன ஒரு கோப்பை எப்படியாவது இட்டு நிரப்புவது தீர்வு ஆகாது. வழியில் தேவைப்படும் ஒரு படியாக வேண்டுமானால் இருக்கலாம்.

வேறு விநியோகங்கள் இந்த இடத்தை வேறு மாதிரி கையாளுகின்றன. டெபியனில் லைப்ரரியின் எண் பேக்கேஜின் பெயரிலேயே வருகிறது. லிப்எஸ்எஸ்எல்1.1 ஒரு பேக்கேஜ், லிப்எஸ்எஸ்எல்3 வேறொரு பேக்கேஜ், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். ஃபெடோராவில் ஆர்பிஎம் ஒவ்வொரு நிரலும் எந்த லைப்ரரி எண்ணை நம்புகிறது என்று தானே கண்டுபிடித்துச் சார்பாக எழுதிக்கொள்கிறது. ஆர்ச்சில் பேக்கேஜின் பெயர் ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது மட்டும்தான், பல பேக்கேஜ்களும் பதிப்பு எண் இல்லாமல் அந்தப் பெயரைத்தான் சார்பாகக் குறிப்பிடுகின்றன. பராமரிப்பவர்களுக்கு வேலை குறைவு. பதிலாக, பகுதி அப்டேட்டுக்கு ஆதரவில்லை என்று ஆவணத்தில் திட்டவட்டமாக எழுதி, பொறுப்பைப் பயனரிடம் விட்டுவிட்டார்கள். ஆர்ச் பிடித்திருப்பவர்கள் இந்தப் பேரத்துக்கு ஒத்துக்கொண்டவர்கள்தான்.

டெபியன்காரர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். 2019 டிசம்பரில் லிப்கிரிப்ட்.எஸ்ஓ.1 கோப்பு அங்கே சி லைப்ரரி பேக்கேஜிலிருந்து தனிப் பேக்கேஜுக்குப் போனது. சில மேம்பாடுகளில், புதிய பேக்கேஜ் வட்டில் விரித்து வைக்கப்படுவதற்கு முன்பே பழைய கோப்பு நீக்கப்பட்டுவிட்டது. பெர்ல் நின்றது, பெர்லை நம்பிய நிறுவல் ஸ்கிரிப்டுகள் நின்றன, அப்டேட்டும் பாதியில் நின்றது.

தீர்வுக்கு வருவோம். தம்பியின் முதல் யோசனை, பலருக்கும் முதலில் தோன்றுவதுதான். "1.1-ங்கிற பேர்ல 3-க்கு ஒரு லிங்க் போட்டா ஓடிடாதா அண்ணா?"

ஓடாது. பெயர்ப்பலகையை மாற்றுவதால் கடைக்குள் இருக்கும் சரக்கு மாறாது. ஓப்பன்எஸ்எஸ்எல் தன் ஒவ்வொரு செயற்கூறுக்கும் பதிப்பு முத்திரை குத்தி வைத்திருக்கிறது. பழைய நிரல்கள் 'ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.0' என்ற முத்திரையைக் கேட்கும். புதிய லைப்ரரியில் இருப்பது '3.0.0' முத்திரை. லிங்க் போட்டால் 'கோப்பு இல்லை' என்ற பிழை 'அந்தப் பதிப்பு இல்லை' என்ற பிழையாக மாறும், அவ்வளவே. இது நல்லதும்கூட. இப்படி முத்திரை குத்தாத லைப்ரரிகளில் இதே லிங்க் வித்தை வேலை செய்வது போலத் தெரியும், பிறகு எங்கோ தொடர்பில்லாத இடத்தில் தரவைக் கெடுக்கும்.

அடுத்த வழி, பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜைத் தற்காலிக அடைவில் பிரித்துவைத்து, லைப்ரரியை அங்கே தேடச் சொல்லும் சூழல் மாறியை அமைப்பது. வீட்டு அடைவுக்குள்ளேயே இதைச் செய்யலாம். செய்தோம், பேக்மேன் பதிப்பு எண்ணைக் காட்டியது. ஆனால் பேக்கேஜ் நிறுவ ரூட் உரிமை வேண்டும், அதற்குச் சூடோ வேண்டும். சூடோ உரிமை உயர்த்தும் நிரல் என்பதால், இணைப்பி அதற்கு அந்தச் சூழல் மாறியை மதிக்காது. மதித்தால் யார் வேண்டுமானாலும் தன் லைப்ரரியைக் காட்டி ரூட் ஆகிவிடலாமே. ரூட் பயனருக்குத் தனிக் கடவுச்சொல் அந்தக் கணினியில் வைக்கப்படவில்லை, ரூட் உரிமை பெற இன்னொரு வழியான போல்கிட்டும் நிறுவப்படவில்லை. எனவே உள்ளிருந்து செய்ய வழி இல்லை.

இந்த வழியில் ஒரு சிறு தடங்கல் வந்தது, குறித்து வைப்பது நல்லது. ஆர்ச்சின் பேக்கேஜைப் பிரிக்கப் பலரும் பழகியது பிஎஸ்டி-டார். அது லிப்ஆர்க்கைவை நம்புகிறது, லிப்ஆர்க்கைவ் ஓப்பன்எஸ்எஸ்எல்லை நம்புகிறது, எனவே அதுவும் அதே வரியைச் சொல்லி நின்றது. குனு டார் அப்படி இல்லை. அது இசட்எஸ்டிடி நிரலைத் தனியாக அழைத்துப் பிரிக்கிறது, இரண்டுக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் தேவையில்லை. இந்த மாதிரி நேரத்தில் ஒரே வேலைக்கு இரண்டு நிரல்கள் கணினியில் இருப்பது எவ்வளவு உதவி!

பழைய பேக்கேஜ் பேக்மேனின் கேஷ் அடைவிலேயே இருந்தது. கேஷைத் துடைத்துவிட்டவர்கள் ஆர்ச் லினக்ஸ் ஆர்க்கைவ் தளத்திலிருந்து எடுக்கலாம். பழைய பேக்கேஜ்கள் பெயர் வாரியாகவும், மொத்தக் களஞ்சியமும் நாள் வாரியாகவும் அங்கே சேமிக்கப்படுகின்றன. ஃபயர்ஃபாக்ஸ் ஓடுகிறவரை பதிவிறக்குவது ஒரு பிரச்சினையே இல்லை.

இனி யுஎஸ்பி. ஆர்ச்சின் நிறுவல் பிம்பத்தை ஒரு பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, வட்டின் ரூட் பகுதியை மவுன்ட் செய்தோம். பூட் பகுதி தனியாக இருந்ததால் அதையும் அதன் இடத்தில் மவுன்ட் செய்தோம். இதை மறப்பவர்கள் நிறைய. மறந்தால், முழு அப்டேட்டில் புதிய கர்னல் மவுன்ட் ஆகாத வெற்று அடைவுக்குள் போய் விழும். அடுத்த முறை பழைய கர்னல் எழுந்து, தனக்கான மாட்யூல்கள் இல்லாமல் திண்டாடும். ஒரு கோளாறைச் சரிசெய்யப் போய் இன்னொன்றை வாங்கிக்கொண்டு வர வேண்டாம்.

இங்கே இரண்டு பாதைகள் உண்டு. யுஎஸ்பியில் இருக்கும் பேக்மேனையே, 'ரூட்' என்ற விருப்பத்தோடு அல்லது 'சிஸ்ரூட்' என்ற விருப்பத்தோடு வட்டின் மீது ஓட்டுவது ஒரு பாதை. 'ரூட்' விருப்பத்தில் அமைப்புக் கோப்பும் சாவி வளையமும் யுஎஸ்பியுடையவை. பிம்பம் பல மாதம் பழையது என்றால் புதிய பேக்கேஜ்களின் கையொப்பத்தை அது நம்ப மறுக்கும். 'சிஸ்ரூட்' விருப்பம் வட்டின் சொந்தச் சாவி வளையத்தைப் பயன்படுத்தும், அது மேல். ஆனால் உள்ளே டிஎன்எஸ் அமைப்பை நாமே கவனித்துக்கொள்ள வேண்டும்.

நான் எடுத்தது இரண்டாவது பாதை. பழைய பேக்கேஜிலிருந்து லிப்கிரிப்டோ, லிப்எஸ்எஸ்எல் என்ற இரண்டு 1.1 கோப்புகளை மட்டும் வட்டின் லைப்ரரி அடைவில் வைத்துவிட்டு, மவுன்ட் செய்த வட்டையே கணினியின் ரூட்டாகக் கொண்டு வேலை செய்ய உதவும் ஆர்ச்-க்ரூட் மூலம் உள்ளே போவது. மொத்தப் பேக்கேஜையும் அப்படியே பிரித்துக் கொட்டக் கூடாது. கொட்டினால் எண் இல்லாத பொது லிங்குகளும் தலைப்புக் கோப்புகளும் பழையவையாக மாறி, பேக்மேனின் கணக்கில் 3 என்றும் வட்டில் 1.1 என்றும் இன்னொரு கலவை உருவாகும். எண்ணோடு இருக்கும் அந்த இரண்டு கோப்புகளும் புதியவற்றோடு மோதாமல் பக்கத்தில் இருந்துகொள்ளும்.

உள்ளே போனதும் பேக்மேன் வழக்கம்போல் பேசியது. டிஎன்எஸ் வேலையை ஆர்ச்-க்ரூட் பார்த்துக்கொண்டது. அப்புறம் 'எஸ்ஒய்யூ', முழு அப்டேட். ஓப்பன்எஸ்எஸ்எல் ஏற்கெனவே புதிது என்பதால் அதைத் தொடவில்லை. மற்ற எல்லாம் வரிசையாக நவம்பருக்கு வந்தன. முடிந்த பிறகு பேக்மேனை மறுபடி அழைத்தபோது அது 3-ஐ நம்பும் புதிய பேக்மேன்.

கையால் வைத்த இரண்டு கோப்புகளை அன்றே அகற்றினோம். அகற்றும் முன், இவை யாருக்குச் சொந்தம் என்று பேக்மேனிடம் கேட்டோம். எந்தப் பேக்கேஜுக்கும் சொந்தமில்லை என்று சொன்ன பிறகே நீக்கினோம். விட்டுவைத்தால் என்ன என்று கேட்கலாம். பழைய நிரல்களுக்காக ஓப்பன்எஸ்எஸ்எல்-1.1 என்ற தனிப் பேக்கேஜை ஆர்ச் அப்போதே கொடுத்தது. பின்னாளில் அதை நிறுவப் போனால், கோப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று பேக்மேன் முரண்டு பிடிக்கும். அதைவிட மோசம், பாதுகாப்புத் திருத்தமே வராத ஒரு குறியாக்க லைப்ரரி யாருக்கும் தெரியாமல் உள்ளே கிடக்கும்.

யுஎஸ்பியைக் கழற்றி மறுபடி தொடங்கியதும் கணினி ஒழுங்காக எழுந்தது. இரட்டை 'டி' போட்டுச் சார்புகளை மீறியிருந்ததால், பேக்மேனின் தரவுத்தளத்தைச் சரிபார்க்கும் 'டிகே' விருப்பத்தையும் ஓட்டினோம். குறை எதுவும் சொல்லவில்லை.

மீதி இருந்தது ஏயூஆர் (பயனர்களே பகிரும் களஞ்சியம்) பேக்கேஜ்கள். இவை பயனரின் கணினியிலேயே கட்டப்பட்டவை, ஆர்ச் இவற்றை மறுபடி கட்டித் தராது. முழு அப்டேட்டுக்குப் பிறகும் இவை 1.1-ஐத் தேடிக்கொண்டே இருக்கும். ரீபில்ட்-டிடெக்டர் பேக்கேஜில் இருக்கும் செக்ரீபில்ட் கமாண்ட் இவற்றைப் பட்டியலிடும். அதன்படி பெரும்பாலானவற்றை மறுபடி கட்டினோம். மூலநிரல் கிடைக்காத, இருமக் கோப்பாக மட்டும் வரும் ஒரு நிரலுக்காக அந்த ஓப்பன்எஸ்எஸ்எல்-1.1 பேக்கேஜை நிறுவ வேண்டியதாயிற்று.

இதே கோளாறு இரட்டை 'டி' இல்லாமலும் வரும். அமைப்புக் கோப்பில் ஏதோ ஒரு பேக்கேஜை அப்டேட் செய்யாதே என்று எழுதி மறந்துபோனால் வரும். முழு அப்டேட் நடுவில் மின்சாரம் போனால் வரும். 'எஸ்ஒய்' போட்டு ஒரு புது நிரலை நிறுவினால், அது எதை இழுத்துக்கொண்டு வருகிறது என்பதைப் பொறுத்து வரலாம். பிழை வரி தலைகீழாகவும் இருக்கும். பேக்மேன் புதிது, ஓப்பன்எஸ்எஸ்எல் பழையது என்றால், 'லிப்கிரிப்டோ.எஸ்ஓ.3 இல்லை' என்று சொல்லும். அந்த நவம்பரில் இந்த வடிவத்தையும் பலர் சந்தித்தார்கள். எந்த எண்ணைத் தேடுகிறது என்று பார்த்தாலே எந்தப் பக்கம் முந்திவிட்டது என்பது தெரிந்துவிடும்.

என்ன அப்டேட் காத்திருக்கிறது என்று பார்க்க மட்டும் வேண்டுமானால், பேக்மேன்-கான்ட்ரிப் பேக்கேஜில் செக்அப்டேட்ஸ் இருக்கிறது. அது பட்டியலின் தனிப் பிரதியைப் புதுப்பித்துப் பார்க்கிறது, கணினியின் பட்டியலைத் தொடுவதில்லை. 'எஸ்ஒய்' மட்டும் போட்டுவிட்டு அப்டேட்டைத் தள்ளிப்போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதுவே போதும். ரூட் வழி எல்லாம் அடைபட்டுப்போகும் நாளுக்காக, எந்த வெளி லைப்ரரியையும் நம்பாமல் கட்டப்பட்ட பேக்மேன்-ஸ்டாடிக் ஏயூஆரில் கிடைக்கிறது. ஆனால் அதை நிறுவி வைக்க வேண்டியது கோளாறுக்கு முன்னால்.

ஏயூஆர் உதவி நிரல்களுக்கு இது அடிக்கடி நேர்வது. 2024 மார்ச்சில் பேக்மேன் 6.1 வந்தபோது லிப்ஏஎல்பிஎம் எண் 13-இலிருந்து 14 ஆனது, அதே ஆண்டில் பேக்மேன் 7 வந்தபோது 15 ஆனது. இரண்டு முறையும் முழு அப்டேட்டை ஒழுங்காகப் போட்டவர்களுக்கும் யாய் என்ற உதவி நிரல் நின்றது. அது தவறு அல்ல, எதிர்பார்க்க வேண்டியது. பேக்மேன் உயிரோடு இருப்பதால் யாயை மறுபடி கட்டினால் சரியாகிவிடும். தம்பியின் கணினியிலும் அப்படியே ஆனது. அந்த முறை அவர் என்னைக் கூப்பிடவில்லை.